படிவத்தில் இரண்டு பேர், வீட்டில் ஆறு பேர்

கணக்கெடுப்புக்குப் போன கதைகளை எல்லாரும் எழுதுவதால் என்னுடையதும். 2025இல் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். யார் வெளியூர் போயிருக்கிறார்கள், பணம் எப்படி வருகிறது என்று கேட்க வேண்டும்.

வீட்டில் எத்தனை பேர் என்றதும், "ஆறு பேர் தம்பி" என்றார் அந்த அம்மா. காம்பராவில், அதாவது அந்த லயத்து அறையில், இருந்தது அவரும் ஏழு வயதுப் பேத்தியும்தான். மகள் குவைத்தில் வீட்டு வேலை, மருமகன் கட்டுநாயக்கவில், மகன்கள் இரண்டு பேரும் கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொன்ன விதி. "2" என்று போட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "தீவாளிக்கு வந்து பாருங்க, படுக்க எடம் இருக்காது" என்றார்.

சரி, வருமானம். கணக்கு எழுதும் ஒரு சீஆர் கொப்பியை எடுத்து வந்தார். போன மாதம் அவருக்கு 12 பேர் (ஒரு பேர் என்றால் ஒரு முழு நாள் வேலை). அப்போது நாள் சம்பளம் 1350 ரூபாய், மொத்தம் 16,200. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போனால் 14,904. அப்புறமும் கழிவுகள்: தொழிற்சங்கச் சந்தா, கோயில் பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை, தேயிலைத் தூள். கொழுந்து கிலோ குறைந்த நாட்களுக்கு அரைப்பேர்தான், அது தனிக் கணக்கு. குவைத் பணம் மருமகனின் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. மகள் போவதற்காக அடகு வைத்த தோட்டை மீட்கவே முதல் சில மாதப் பணம் சரியாகிவிட்டதாம்.

கிளம்பும்போது வாசலில் ஒரு உரப்பை கட்டி வைத்திருந்தது. இரண்டு பாக்கெட் தேயிலைத் தூள், லீக்ஸ், பழைய பேப்பரில் சுற்றிய பட்டர்புரூட். கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் மகன்கள் எடுத்துக்கொள்வார்களாம். மாதம் இரண்டு தடவை. படிவத்தில் உள்ளே வரும் பணத்துக்கு மட்டும்தான் கட்டம். நான் இந்தப் பையைப் பற்றி ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். மேற்பார்வைக்கு வந்தவர் அழித்துவிட்டார்.

இதற்கு வந்த மறுமொழி ஒன்று:

அண்ணா, அந்த உரப்பையை வாங்கித் தின்று வளர்ந்தவன் நான். வெள்ளவத்தையில் கடை வேலை, தங்கலும் சாப்பாடும் அங்கேயே. 2022இல் வியாபாரம் படுத்து முதலாளி கடையை மூடியதும் ஊருக்கு வந்து ஐந்து மாதம் சும்மா இருந்தேன். கோதுமை மா விலை ஏறி, ரொட்டி சுடவே யோசித்த காலம். அம்மாவின் 1000 ரூபாய்ப் பேரில்தான் மூன்று பேர் சாப்பிட்டோம். திரும்பிப் போக பஸ் காசும் அவர்தான் கொடுத்தார்.