ஈராக் போர் வாக்கை வைத்து தலைமை வேட்பாளரை எடைபோடுவது எப்படி?

செங்காந்தள்:
பிரிட்டன் தொழிலாளர் கட்சியின் 2010 தலைமைத் தேர்தலில் நின்ற ஐவரில் டேவிட் மிலிபாண்டும் ஆண்டி பர்னமும் ஈராக் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர்கள். டயான் அபாட் எதிர்த்தவர். எட் மிலிபாண்டும் எட் பால்ஸும் 2005இல்தான் எம்.பி. ஆனார்கள். வாக்களிக்கும் இடத்திலேயே இல்லாத இந்த இருவரை மற்றவர்களோடு எப்படி ஒப்பிடுவது?

தென்றல்72:
முதலில் 2003 மார்ச் 18 நாடாளுமன்ற வாக்குப் பதிவைச் சரியாகப் படியுங்கள். அன்றிரவு நடந்தவை இரண்டு வாக்கெடுப்புகள். போருக்கான நியாயம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தம் 217க்கு 396 எனத் தோற்றது. பிறகு படையை அனுப்ப ஒப்புதல் தரும் அரசின் தீர்மானம் 412க்கு 149 என நிறைவேறியது. திருத்தத்தை ஆதரித்த தொழிலாளர் கட்சியினர் 139 பேர். தீர்மானத்தை எதிர்த்தவர்கள் 84 பேர்தான். திருத்தத்தை ஆதரித்துவிட்டு தீர்மானத்தை எதிர்க்காமல் நழுவியவர்களையும் "போரை எதிர்த்தவர்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

நாடாளுமன்ற நடவடிக்கைகளின் அதிகாரப்பூர்வப் பதிவான ஹன்சார்டில் இரு வாக்கெடுப்புகளின் பட்டியலையும் ஒப்பிடுங்கள். ஒருவர் பெயர் இல்லையென்றால் உடனே "வாக்களிக்கவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். வாக்கு எண்ணும் உறுப்பினர்களின் பெயர் கடைசியில் தனியாக இருக்கும், மொத்தக் கணக்கில் சேராது. ஒரே வாக்கெடுப்பில் ஒரே பெயர் ஆதரவு, எதிர்ப்பு என இரு பக்கமும் வந்தால், பெரும்பாலும் அது வேண்டுமென்றே நடுநிலை வகித்தது. வராதவர் ஏன் வரவில்லை என்பதை ஹன்சார்ட் சொல்லாது. அந்த வாரத்துச் செய்தித்தாள்களைத்தான் புரட்ட வேண்டும்.

கல்வெட்டு:
"அமைச்சராக இருந்தேன், கூட்டுப் பொறுப்பு" (அரசின் முடிவை எல்லா அமைச்சர்களும் ஆதரிக்க வேண்டும்) என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். ராபின் குக் மார்ச் 17 அன்று அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஜான் டென்ஹாம் மறுநாள் விலகினார். கிளேர் ஷார்ட் பதவியில் தொடர்ந்து, போருக்கு வாக்களித்து, மே 12 அன்று விலகினார். விலகும் வழி திறந்தேதான் இருந்தது.

"அன்று தெரிந்ததை வைத்து முடிவெடுத்தேன்" என்பதும் அப்படித்தான். ஈராக்கிடம் வழக்கமான பொருளில் பேரழிவு ஆயுதம் அநேகமாக இல்லை என்று, முன்னாள் வெளியுறவு அமைச்சரான குக் விலகல் உரையிலேயே அவையில் சொன்னார். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் அது!

தென்றல்72:
2005இல் வந்த இருவரையும் அளக்க 2006 அக்டோபர் 31 வாக்கெடுப்பு உதவும். ஸ்காட்லாந்து தேசியக் கட்சியும் வேல்ஸின் பிளைட் கம்ரியும் போர் குறித்து விசாரணை கோரிய தீர்மானம் 298க்கு 273 எனத் தோற்றது. ஐவரும் அப்போது உறுப்பினர்கள். கட்சிக் கொறடாவை மீறி விசாரணையை ஆதரித்த தொழிலாளர் கட்சியினர் 12 பேர், அவர்களில் ஜெரமி கார்பின் ஒருவர். "நான் மனதளவில் எதிர்த்தேன்" என்று பின்னாளில் சொல்வதற்கு, 2003இல் எழுதியதோ மேடையில் பேசியதோ தேதியோடு கிடைத்தால் மட்டுமே மதிப்பு கொடுங்கள்.

செங்காந்தள்:
விசாரணை வாக்கை 2003 வாக்குக்குச் சமமாக வைக்கலாமா?

கல்வெட்டு:
கூடாது. ஒன்று படையை அனுப்பியது, மற்றது கணக்குக் கேட்டது. அட்டவணையில் தனித்தனிப் பத்தியாகப் போடுங்கள், கூட்டி மதிப்பெண் ஆக்காதீர்கள். 2005இல் வந்தவர்களுக்கு முதல் பத்தி காலியாகவே இருக்கட்டும்.