மந்தைநடை: மாடுகளை ஓட்டிப்போகும் நெடும்பயணத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் டெக்சஸிலிருந்து வடக்கே கான்சஸுக்கு மாடுகளை ஓட்டிப்போகும் வழியில் மலரும் காதல் கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன், ‘கேட்டில் டிரைவ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். மறுமொழி எழுதிய எல்லாருக்கும் நன்றி. மாட்டோட்டம், மந்தை ஓட்டு, ஆநிரைப் பெயர்ச்சி, நிரைச்செலவு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் கதையின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். எதுவும் சரியாக உட்காரவில்லை.

‘நிரைச்செலவு’ அழகான சொல். சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம்தான். ஆனால் இன்றைய வாசகர் அதைக் கணக்குப் புத்தகத்தில்தான் சேர்ப்பார். ‘மந்தை ஓட்டு’ என்றால் தேர்தல் நினைவுக்கு வந்துவிடுகிறது. ‘ஆநிரை’ என்றதுமே நமக்கு வெட்சியும் கரந்தையும், கவர்தலும் மீட்டலும் கூடவே வந்துவிடும். இங்கே யாரும் மாட்டைக் கவரவில்லை, சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். அதோடு ‘ஆ’ பசு. இந்த மந்தைகளில் போனவை பெரும்பாலும் காயடித்த காளைகள்.

எனக்குப் பெரிய தடை ‘ஓட்டம்’தான். இந்தப் பயணம் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சஸில் நீளக்கொம்பு மாடுகள் ஏராளம். அங்கே 4 டாலருக்கு விலைபோன மாடு வடக்கே 40 டாலர் வரை போனது. ஆனால் மாடு இருந்த இடத்துக்கு ரயில் வரவில்லை, கான்சஸ் வரைதான் வந்திருந்தது. 1867இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி அங்கே அபிலீன் என்ற சிற்றூரில் ரயில் பாதை ஓரமாகப் பட்டிகளைக் கட்டினார். அந்த முதல் வருடமே சுமார் 35,000 மாடுகள் வந்து சேர்ந்தன. ஒரு மந்தையில் 2,000 முதல் 3,000 மாடுகள், கூட வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். இரண்டு மூன்று மாதம் வழிநடை.

ஒரு நாளைக்கு அவர்கள் கடந்தது 10 முதல் 15 மைல். அதற்கு மேல் விரட்டினால் மாடு இளைத்துவிடும், இளைத்த மாட்டுக்கு விலை கிடைக்காது. அதனால் மேயவிட்டு, தண்ணீர் காட்டி, நடத்தித்தான் போனார்கள். மாடு ஓடினால் அது விபத்து. இரவில் ஒரு மின்னல் வெட்டு, ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் போதும், மந்தை முழுவதும் மிரண்டு எழுந்துவிடும். குதிரை இடறி விழுந்தவன் குளம்படியில் சாவான். அந்த ஓட்டத்துக்கு நமக்குத் தனிச்சொல் வேண்டும். ‘மாடு மிரண்டுருச்சு’ என்று ஊரில் சொல்வதிலிருந்தே எடுத்து ‘மிரளோட்டம்’ என்று வைத்திருக்கிறேன். அப்படியிருக்க, பயணத்துக்கும் ‘ஓட்டம்’ என்றே பெயர் வைத்தால் கதையின் இரண்டு முனைகளும் ஒரே சொல்லில் கலந்துபோகும்.

ஆகவே நான் முன்வைப்பது ‘மந்தைநடை’.

கால்நடை என்ற சொல்லிலேயே மாடும் நடையும் சேர்ந்து கிடக்கின்றன. அப்புறம், வண்டி ஓட்டுகிறவர்கள் ‘இன்னைக்கு நாலு நடை அடிச்சோம்’ என்பார்கள். வீட்டில் ‘கடைக்கு ஒரு நடை போயிட்டு வா’ என்கிறோம். அங்கே நடை என்பது போய் முடிக்கும் ஒரு முழுப் பயணம். ‘அந்த வருடம் அவர் இரண்டு மந்தைநடை போனார்’ என்று எழுதிப் பாருங்கள், விளக்கம் கேட்காது. வினையாக்கினால் ‘மந்தையை நடத்திப் போனாள்’. இதுவும் இயல்பாக வருகிறது. ‘மந்தமான நடை’ என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். ஐகாரம் தெளிவாக இருப்பதால் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

மெதுவாகப் போவதால்தான் அங்கே காதலுக்கே இடம் கிடைக்கிறது. ராக்காவலை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் மந்தையை இரண்டு பேர் குதிரையில் எதிரெதிர்த் திசையில் சுற்றி வருவார்கள். மாடு மிரளாமல் இருக்க மெல்லப் பாடிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் எதிர்ப்பட்டுக் கடந்தாக வேண்டும். நான் மொழிபெயர்க்கும் கதையில் அவனும் அவளும் பேசிக்கொள்வதெல்லாம் அந்தக் கடக்கும் நொடிகளில்தான். ஒரு சுற்றில் கேள்வி, அடுத்த சுற்றில் பதில். அந்த அத்தியாயத்தை மொழிபெயர்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெண்கள் இப்படிப் போனார்களா, கதைக்காகக் கட்டியதா என்று ஒருவர் கேட்டிருந்தார். குறைவு, ஆனால் போனார்கள். 1871இல் அமண்டா பர்க்ஸ் கணவரோடு குதிரை வண்டியில் கான்சஸ் வரை போனார். கணவரை இழந்த மார்கரெட் போர்லண்ட் 1873இல் தம் மந்தையைத் தாமே பிள்ளைகளோடு கான்சஸின் விச்சிட்டா நகருக்குக் கொண்டுசேர்த்தார். மாடு விற்கும் முன்பே அங்கே நோயில் இறந்தும் போனார். 1886இல் மேரி பன்டன் புதுமணப்பெண்ணாகவே இந்தத் தடத்தில் போனவர். லிஸி ஜான்சன் என்ற ஆசிரியை தம் பெயரில் சூட்டுக்குறி பதிந்து மாடு வளர்த்தார். 1879இல் திருமணம் செய்துகொண்டபோது தம் சொத்து தமக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டார். இதற்கெல்லாம் ‘உடன்போக்கு’, அதாவது சங்கப் பாட்டில் காதலனோடு வீட்டைவிட்டுப் போவது, என்று சொல்லலாமே என்று ஒருவர் எழுதியது நல்ல யோசனைதான். ஆனால் உடன்போக்கில் காதல் முதலில், வழி பிறகு. இங்கே வழியில்தான் காதல் வருகிறது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடுகள் போன வழியான ‘டிரெயில்’ தடமேதான்: சிஸம் தடம், குட்நைட் லவிங் தடம். சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப்பண்ணைக்காரர் 1866இல் ராணுவத்தின் பழைய வண்டி ஒன்றை மாற்றி அமைத்தது சமையல் வண்டி. அடுக்களை வண்டி, கட்டுச்சோற்று வண்டி எதுவும் வேண்டாம். இரவில் அதன் ஏர்க்காலை வடமீனை நோக்கித் திருப்பி வைப்பார்கள், காலையில் திசை தெரிய. மாற்றி மாற்றி ஏறக் கூடவே கொண்டுபோகும் குதிரைகளை ரெமுடா என்பார்கள், அந்த ஸ்பானியச் சொல்லுக்கு மாற்று என்றுதான் பொருள். எனவே ‘மாற்றுக்குதிரைகள்’. கௌபாய் கௌபாயாகவே இருக்கட்டும், எழுபதுகளின் தமிழ்ப் படங்களிலிருந்தே அது நம் சொல்.

மந்தையைச் சுற்றிக் காவலர் போகும் இடங்களுக்கு மாட்டின் உடம்பையே எடுத்துக்கொண்டேன்: தலை, தோள், விலா, வால். அனுபவசாலி தலையில் போவார். புதிதாகச் சேர்ந்தவனுக்கு வால், நாள் முழுக்கப் புழுதி. ‘அவனை வாலுக்கு அனுப்பினார்கள்’ என்றாலே அவன் நிலைமை புரிகிறது.

கதையின் வகைப்பெயரையும் முடிவுசெய்ய வேண்டும். முத்தத்தோடு நின்றுவிடும், படுக்கையறைக்குள் போகாத கதை. ‘தூய காதல்’ என்றால் மற்றக் காதல் அழுக்கு என்றாகிறது, அது எனக்கு ஒப்பவில்லை. ‘அசைவ ஜோக்’ என்ற வழக்கைப் பின்பற்றி ‘சைவக் காதல்’ என்றார் ஒருவர். இறைச்சிச் சந்தைக்கு மாடு போகும் கதைக்கு அது பொருந்தாது. ‘வரலாற்று மென்காதல்’ என்று வைத்திருக்கிறேன்.

ஒன்றுதான் மிச்சம். மந்தைநடைக்குப் பொறுப்பான தலைவரை எப்படி அழைப்பது? ‘கீதாரி’ என்று எழுதிவிட்டு இரண்டு முறை அடித்தேன். கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் கூட்டத்தின் மூத்தவர் என்ற பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் அந்தச் சொல்லோடு ராமநாதபுரத்து மண்ணும் ஆடும் வந்துவிடுமே என்று கை தயங்குகிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்: ஒரு டெக்சஸ்காரனை நீங்கள் கீதாரி என்று கூப்பிடுவீர்களா?