ஆல்ச்சி சிலையின் வேட்டியில் காஷ்மீர் எப்படி வந்தது?

நதியோரம்:
வணக்கம். போன மாதம் குடும்பத்தோடு லடாக் போயிருந்தோம். லேயிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் போய், சிந்து நதியைத் தாண்டினால் ஆல்ச்சி. அங்கே சும்ட்செக் என்று மூன்றடுக்குக் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே கும்மிருட்டு, படம் எடுக்க விட மாட்டார்கள், டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று பெரிய மண் சிலைகள், ஒவ்வொன்றின் தலையும் மேல்தளத்துக்குள் போய்விடுவதால் கீழே நிற்கிற நமக்குத் தெரிவது காலும் இடுப்பு வேட்டியும்தான். அவற்றில் ஒன்றான, கருணையின் போதிசத்துவர் அவலோகிதேஸ்வரரின் வேட்டியில் வெளிச்சத்தைக் காட்டினால், துணி முழுக்க உள்ளங்கை அகலத்தில் கோயில்கள், மாளிகைகள், குதிரையில் போகிறவர்கள். கூட வந்தவர் இதெல்லாம் காஷ்மீர் என்றார். எனக்கு அதிலிருந்து ஒரே யோசனை. நடுவில் ஸோஜி லா கணவாய், அந்தப் பக்கம் ஒரு மதம், இந்தப் பக்கம் வேறு. திபெத்திய மொழி பேசுகிற ஊரில் காஷ்மீரை எதற்கு வரைந்தார்கள்?

ஓலைக்கட்டு:
நல்ல கேள்வி. ஆனால் இன்றைய மதப் பிரிவை அன்றைக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்போது காஷ்மீர் சைவமும் பௌத்தமும் கலந்த நாடு, பௌத்தம் படிக்க இமயத்துக்கு அப்பாலிருந்தெல்லாம் ஆட்கள் வந்த இடம்.

842இல் திபெத்தின் அரசன் லாங்தர்மா கொல்லப்பட்டதும் பேரரசு சிதறியது. அவன் வழியில் வந்த நியிமாகோன் 10ஆம் நூற்றாண்டில் மேற்குத் திபெத்துக்கு ஓடிவந்து ஒரு நாட்டை உண்டாக்கினான். அது மகன்கள் மூவருக்கும் பிரிந்தபோது மூத்தவனுக்குக் கிடைத்தது மர்யுல், அதாவது லடாக். பக்கத்துக் குகே நாட்டு அரசன் யேஷே ஓ, நல்ல பௌத்தத்தைத் தேடி 21 இளைஞர்களைக் காஷ்மீருக்கு அனுப்பினான். வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் பெரும்பாலோர் இறந்துபோக, இரண்டே பேர் திரும்பினார்கள் என்பது மரபு. அதில் ஒருவர்தான் ரின்சென் சங்போ (958–1055), பெரிய மொழிபெயர்ப்பாளர். பின்னாளில் அவர் 32 காஷ்மீரக் கலைஞர்களைக் கூட்டி வந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஸ்பிதியில் இருக்கிற தாபோ மடாலயம் 996இல் எழுந்தது, அதே காலம். ஆல்ச்சியைக் கட்டியவரும் அவர்தான்.

சுண்ணாம்புச்சுவர்:
கடைசி வரியில் மட்டும் திருத்தம். ஆல்ச்சியை ரின்சென் சங்போ கட்டினார் என்பது ஊர் நம்பிக்கை. சும்ட்செக்கின் மேல்தளச் சுவரில் குருமார்களை வரிசையாக வரைந்திருக்கிறார்கள், அந்த வரிசை 1217இல் மறைந்த திரிகுங் ஜிக்தென் கோன்போவோடு முடிகிறது. அவர் உருவம் அங்கே இருக்கும்போது கோயிலை 11ஆம் நூற்றாண்டுக்குத் தள்ள முடியாது. அதை வைத்துப் பல ஆய்வாளர்கள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று, நண்பர் நதியோரம் பக்கத்திலிருக்கும் துகாங் கூடத்துக்குள் போனாரா? அங்கே கதவோரமாக ஓர் அரசன் மது அருந்தும் காட்சி இருக்கும். தலைப்பாகை, வட்டங்களுக்குள் சிங்கம் போட்ட நீள அங்கி, கையில் கோப்பை, கோடாரி. அந்த உடை மத்திய ஆசியத் துருக்கியர் பாணி. பௌத்தக் கோயிலில், திபெத்திய மொழி பேசும் அரசனுக்குத் துருக்கிய உடை, பக்கத்தில் காஷ்மீரக் கோடுகள்! எனக்கு இந்தச் சுவரைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் கிடையாது. அந்தக் காலத்துக் காஷ்மீரச் சுவரோவியம் காஷ்மீரிலேயே ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. காஷ்மீரக் கைகள் என்ன வரைந்தன என்று பார்க்க நாம் மலை தாண்டி ஆல்ச்சிக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த மண்சுவரில் மழைநீர் இறங்குகிறது என்று கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நதியோரம்:
துகாங் போனோம், ஆனால் கதவோரம் பார்க்காமல் வந்துவிட்டேன், இப்போது மனது அடித்துக்கொள்கிறது. சரி, இந்த உறவு எப்போது அறுந்தது?

மேய்ச்சல்நிலம்:
அறுந்தது என்று சொல்ல மாட்டேன், ஆள் மாறியது, சரக்கு மாறியது. 1320இல் துலுச்சா என்ற படைத்தலைவன் காஷ்மீரைச் சூறையாடினான், அரசன் சுஹதேவன் ஓடிவிட்டான். அப்போது அங்கே அடைக்கலமாக இருந்தவன் ரிஞ்சன். காஷ்மீர வரலாறு எழுதிய ஜோனராஜர் அவனை 'போட்டன்' என்கிறார், அதாவது திபெத்திய இனத்தான். லடாக் இளவரசன் என்பது பொதுவான கருத்து. அவன் தன் ஆட்களைத் துணி வியாபாரிகள் மாதிரி ஆயுதத்தை மறைத்துக் கோட்டைக்குள் அனுப்பி, தனக்கு இடம் கொடுத்த, சுஹதேவனின் தளபதி ராமச்சந்திரனையே கொன்று, அவர் மகள் கோட்டா ராணியை மணந்து அரியணை ஏறினான். சைவ தீட்சை கேட்டபோது, போட்டன் என்பதால் சைவ குரு தேவஸ்வாமி மறுத்துவிட்டதாக ஜோனராஜர் எழுதுகிறார். பிறகு புல்புல் ஷா என்ற சூஃபியிடம் இஸ்லாத்தைத் தழுவி சத்ருத்தீன் ஆனான். காஷ்மீரின் முதல் முஸ்லிம் அரசன், மலைக்கு இந்தப் பக்கத்துப் பௌத்தன்! 1323இல் இறந்தும் போனான்.

மதம் மாறிய பிறகும் ஸோஜி லாவில் நடமாட்டம் நிற்கவில்லை. சாங்தாங் மேட்டு நிலத்து ஆட்டின் மென்மயிர் இல்லாமல் காஷ்மீர்ச் சால்வை ஏது? 1684இல் லடாக்கும் திபெத்தும் செய்துகொண்ட திங்மோஸ்காங் உடன்படிக்கையிலேயே, அந்த மயிர் லடாக் வழியாகத்தான் காஷ்மீர் போக வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஊர் ஆல்ச்சியிலிருந்து இன்னும் கொஞ்சம் மேற்கே, நீங்கள் போன பக்கம்தான். அடுத்த முறை அதையும் பார்த்துவிடுங்கள், துகாங் கதவோரத்தையும்.