கையில் கட்டும் சாவி வாட்ச் ஒரு நாளைக்கு எத்தனை நொடி பிசகலாம்?

ஏழரை_மணி (கேள்வி):

நாலு மாதத்துக்கு முன் முதல் முறையாக ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் (கையசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ரகம்) வாங்கினேன். ஜப்பான் தயாரிப்பு, ஒன்றும் பெரிய விலை இல்லை. அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு போன் நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன் (வீட்டில் சிரிக்கிறார்கள், அது வேறு கதை). இதுவரை ஒரு நாளைக்கு 8 நொடி, 11 நொடி, 9 நொடி என்று முந்திக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டாமல் மேசையிலேயே கிடந்தால் மட்டும் திங்கள் காலை கணக்கு மாறிவிடும். போன வியாழனிலிருந்து திடீரென்று தினமும் இரண்டரை நிமிடம் வேகம்! பக்கத்துக் கடையில் காட்டினேன், "சாவி வாட்ச் என்றால் அப்படித்தான் சார், திறந்து ஸ்லோ பண்ணித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? அப்புறம் அந்த 9 நொடியே சரிதானா? ஆபீஸில் பக்கத்து சீட்காரரின் 900 ரூபாய் குவார்ட்ஸ் (பேட்டரி) வாட்ச் மாதக்கணக்கில் நேரம் தவறாமல் ஓடுகிறது, எனக்கு வயிறு எரிகிறது.

திருகாணி:

முதலில் திறக்கக் கொடுக்காதீர்கள். மெதுவாக மாறினால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், சர்வீஸ் கேட்கிறது என்று நினைக்கலாம். ஒரே இரவில் 9 நொடி இரண்டரை நிமிடமானால் பத்தில் ஒன்பது தடவை காந்தம்தான். முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கணக்கிடும் சக்கரம்தான் பேலன்ஸ் வீல், அதைப் பிடித்திருக்கும் ஹேர் ஸ்பிரிங் தலைமுடியை விட மெல்லிய சுருள். அது காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருளின் நீளம் குறைந்தது போல ஆகிவிடும், வீல் அவசர அவசரமாக ஆடும். வீட்டில் காந்த ஊசி இருந்தால் வாட்சை அதன் மேல் மெல்லக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசி நடுங்கினால் காந்தம்தான், விஷயம் முடிந்தது. போனில் இருக்கும் திசைகாட்டியை நம்ப வேண்டாம், போனுக்குள்ளேயே காந்தம் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காந்தம் ஏறிய வாட்சை ஒரு கடையில் கொடுத்தேன், அவர் காந்தத்தைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி நேரத்தைச் சரிக்கட்டிவிட்டார். ஆறு மாதம் கழித்து வேறொருவர் காந்தத்தை எடுத்தார், மறுநாளிலிருந்து வாட்ச் தினமும் நாலு நிமிடம் பின்தங்கியது.

9 நொடிக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு 86,400 நொடி. மணிக்கு 21,600 துடிப்பு ஓடும் வாட்ச் ஒரு நாளில் 5,18,400 தடவை டிக் சொல்கிறது. அதில் 9 நொடி என்றால் பத்தாயிரத்தில் ஒன்றுதான். சீகோ தன் 4ஆர்36 இயந்திரத்துக்குத் தரும் எல்லையே நாளுக்கு +45 முதல் −35 நொடி வரை. சுவிட்சர்லாந்தில் சி.ஓ.எஸ்.சி. என்ற சோதனை அமைப்பு தரும் க்ரோனோமீட்டர் (துல்லிய வாட்ச்) சான்றிதழுக்கு −4 முதல் +6. அதுவும் கூட்டில் பொருத்தாத வெறும் இயந்திரத்தை 15 நாள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் வைத்துப் பார்க்கும் சோதனை, கையில் கட்டிப் பார்ப்பதில்லை. ரோலெக்ஸ் கூட்டில் போட்ட பிறகு ±2 என்கிறது, அதற்கான விலையும் உங்களுக்குத் தெரியும். உங்கள் 9 நொடி நல்ல வாட்ச்.

பேட்டரி_போதும்:

மாதத்துக்கு 15 நொடிகூடப் பிசகாத குவார்ட்ஸை விட்டுவிட்டு நோட்டுப் போட்டு எழுதுகிறீர்களே, உங்களுக்கெல்லாம் எவ்வளவு நேரம் இருக்கிறது ஐயா. நம்ம ஊரில் பஸ்ஸே இருபது நிமிடம் தள்ளித்தான் வருகிறது.

பழைய_வாட்ச்_பைத்தியம்:

பேட்டரி அண்ணே, குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, இது நொடிக்கு ஆறு தடவை. ஆறை வைத்துக்கொண்டு பத்தாயிரத்தில் ஒன்றுக்குள் நிற்பதைத்தான் நாங்கள் உட்கார்ந்து ரசிக்கிறோம், விடுங்கள்.

ஏழரை_மணி, ஒரு நாள் 8, மறுநாள் 11 என்று கிட்டத்தட்ட ஒரே கணக்கில் முந்துகிறதே, அதுதான் முக்கியம். ஒரு நாள் +15, மறுநாள் −12 என்று அலையும் வாட்சைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே பக்கம் முந்தும் வாட்சை ராத்திரியில் வைக்கும் விதத்திலேயே பெரும்பாலும் சரிக்கட்டலாம். டயல் மேலே பார்த்தபடி படுக்க வைத்தால் பேலன்ஸ் வீலின் அச்சு ஒரு நுனியில் மட்டும் நிற்கும், உராய்வு குறைவு. செங்குத்தாக நிறுத்தினால் அச்சின் பக்கவாட்டு அதைத் தாங்கும் சின்னக் கல்லில் உரசும், வீலின் வீச்சு குறையும், வேகமும் மாறும். என்னுடைய ஒன்று டயல் மேலே இருந்தால் ராத்திரிக்குள் 4 நொடி முந்தும், சாவிப் பக்கம் (சாவி கொடுக்கும் குமிழ் இருக்கும் பக்கம்) கீழே இருக்கும்படி நிறுத்தினால் 5 நொடி பின்தங்கும். உங்களுடையது நேரெதிராகக்கூட இருக்கலாம், ஒவ்வொரு நிலையிலும் மூன்று நாலு ராத்திரி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். போனில் டிக் ஒலி கேட்கும் ஆப் இருக்கிறது, ஆனால் அது ஒரு நிலையில் அரை நிமிடம் கேட்டுவிட்டுச் சொல்வது. உங்கள் நோட்டுதான் உண்மையான கணக்கு.

ஞாயிறு பிரச்சினை சாதாரணம். முழுச் சாவியில் 40 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடும். சனி ராத்திரி கழற்றினால் திங்கள் காலைக்குள் வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்து கடைசி மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். கையால் சாவி கொடுக்கும் வசதி இருந்தால் ஞாயிறு காலை இருபது சுற்றுக் கொடுங்கள்.

இன்னொன்று. என் அப்பா ஒரு எச்.எம்.டி. ஜனதா கட்டியிருந்தார், பெங்களூரில் சிட்டிசனோடு சேர்ந்து ஆரம்பித்த தொழிற்சாலையின் சரக்கு, 17 கல், கையால் சாவி. "ஒரு நொடி தப்பாது" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அளந்தேன், நாளுக்கு 25 நொடி பின்தங்குகிறது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, தினமும் காலை ரேடியோ செய்திக்கு முன் வரும் பீப் ஒலிக்கு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாவி கொடுத்து, முள்ளையும் லேசாகத் தள்ளிவிடுவார். அந்த வாட்சுக்குப் பிசகவே ஒரு நாளுக்கு மேல் அவகாசம் கிடைத்ததில்லை.

ஏழரை_மணி:

திருகாணி சார், மகனின் அறிவியல் பெட்டியிலிருந்த காந்த ஊசி வாட்சைக் கிட்டே கொண்டுபோனதும் துடிக்கிறது! யோசித்துப் பார்த்தேன், புதன்கிழமைதான் டேப்லெட்டுக்குப் புது உறை வந்தது, மூடி டப்பென்று ஒட்டிக்கொள்கிற ரகம். ராத்திரி வாட்சை அதன் மேல்தான் கழற்றி வைத்திருக்கிறேன்.

திருகாணி:

அதேதான். காந்தம் எடுக்கும் சின்ன நீலப் பெட்டி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாட்சை அதன் மேல் வைத்து, பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெல்ல ஒரு முழத்துக்கு மேல் விலக்கி, அப்புறம்தான் பட்டனை விட வேண்டும். பக்கத்திலேயே விட்டால் மறுபடி ஏறிவிடும்.

ஏழரை_மணி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பெட்டி வந்தது, மூன்றாவது முயற்சியில் ஊசி அசையாமல் நின்றது. மறுநாள் காலை +9. இப்போது ராத்திரி சாவிப் பக்கம் கீழே வைக்கிறேன், ஆறு நாளில் மொத்தம் 14 நொடிதான் முந்தியிருக்கிறது. பக்கத்து சீட்காரரிடம் காட்டினேன், "அதான் 14 நொடி தப்பு இருக்கிறதே" என்றார்.