‘ஆக்சஸ் பாயிண்ட்’ – தமிழில் ‘அலைவாய்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டில் முதன்முறையாகக் கம்பியில்லா வலையமைப்பை நிறுவுபவர்களுக்காக நாம் எழுதிவரும் கையேட்டில், கம்பியில் வரும் இணைப்பை அலையாக்கிக் கைப்பேசி போன்ற கருவிகளுக்கு வழங்கும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்பதற்கு எந்தச் சொல்லை இடுவது என்ற கேள்வி இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. ‘வீட்டில் இருப்பது ஒரே பெட்டி, அதற்குத் திசைவி (ரௌட்டர்) என்ற பெயரும் இருக்கிறது, இன்னொரு சொல் எதற்கு?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘அணுகல் புள்ளி என்று ஏற்கெனவே வழங்குவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே’ என்பது இன்னொருவரின் கருத்து. இரண்டுக்கும் என் விடையை எழுதிவிட்டு, புதிய சொல் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

தனிச்சொல் தேவை என்பது எனக்கு உறைத்தது ஒரு தொலைபேசி உரையாடலில்தான். என் சித்தப்பா வீட்டில் மாடியறைக்கு அலை சரியாக எட்டவில்லை. அவர் தாமாகவே இரண்டாவதாக ஒரு பெட்டியை வாங்கி, கீழேயுள்ள பெட்டியிலிருந்து கம்பி இழுத்து இணைத்துவிட்டார். இணையம் வந்தது, ஆனால் மாடியிலுள்ள அச்சுப்பொறியைக் கீழே இருக்கும் கைப்பேசி கண்டுபிடிக்கவே இல்லை. காரணம் எளிது. இரண்டு பெட்டிகளும் திசைவிகளாகவே இயங்கின, கீழ்ப்பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையும் மேல்பெட்டி 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளையும் கருவிகளுக்கு வழங்கின; ஆகவே ஒரு வீட்டுக்குள் இரண்டு வலையமைப்புகள் உருவாகி, நடுவே ஒரு சுவரும் எழும்பிவிட்டது. மேல்பெட்டியின் திசைவிப் பணியையும் முகவரி வழங்கும் பணியையும் நிறுத்தி, கம்பியில் வருவதை அலையாக்கவும் அலையில் வருவதைக் கம்பியில் இறக்கவும் மட்டும் அதை விட்டால் போதும். இதை விளக்கத் தொடங்கிய நான், ‘திசைவியைத் திசைவியோடு இணைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த இரண்டாம் திசைவியின் திசைவி வேலையை நிறுத்திவிடுங்கள்’ என்றேன். ‘திசைவிக்குத் திசைவி வேலையை நிறுத்திவிட்டால், அதற்கப்புறம் அது என்னப்பா?’ என்று கேட்டார் அவர். என்னிடம் சொல் இல்லை.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் ‘ரௌட்டர்’ என்று விற்கப்படும் பெட்டிக்குள் குறைந்தது மூன்று பணிகள் அடங்கியிருக்கின்றன: வீட்டு வலையமைப்புக்கும் வெளி இணையத்துக்கும் இடையே பொதிகளை (சிறு துண்டுகளாக்கிய தரவுகளை) அனுப்பும் பணி, பின்புறத் துளைகளில் செருகப்படும் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பணி, ஆண்டெனா வழியாகக் கைப்பேசியோடும் மடிக்கணினியோடும் பேசும் பணி. சில பெட்டிகளில் இணக்கியும் (மோடம்) சேர்ந்தே இருக்கும். இவற்றில் ஒன்றின் பெயரை மொத்தப் பெட்டிக்கும் சூட்டிவிட்டார்கள். மக்கள் வழக்கை நாம் மாற்ற முடியாது. பெட்டி ‘திசைவி’ என்றே இருக்கட்டும். (‘திசைவி’ பெயர்ச்சொல்லின்மேல் விகுதி ஏறிய சொல், இலக்கணப்படி ‘வழிப்படுத்தி’ போன்ற ஒன்றே பொருந்தும் என்று முன்பொருமுறை நடந்த விவாதத்தை மீண்டும் கிளப்ப எனக்கு விருப்பமில்லை, அந்தச் சொல் நிலைபெற்றுவிட்டது.) அந்தப் பெட்டிக்குள் அலையைக் கையாளும் உறுப்புக்கும், அப்பணியை மட்டுமே செய்யும் தனிக்கருவிக்கும்தான் இப்போது பெயர் வேண்டும்.

‘அணுகல் புள்ளி’யை நான் ஏற்கத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, தமிழில் புள்ளி என்பது இடத்தைக் குறிப்பதில்லை. மெய்யெழுத்தின் தலையில் இடுவது புள்ளி. மானின் உடலில் இருப்பது புள்ளி. ஊரில் செல்வாக்குள்ளவர் பெரும்புள்ளி. ஆட்கள் கூடும், சேரும், இறங்கும் இடங்களுக்கு நம்மிடம் முனை, துறை, முகம், வாய், தலை என்று எத்தனையோ சொற்கள் இருக்கும்போது, ஆங்கிலத்தின் ‘பாயிண்ட்’டை எழுத்துக்கு எழுத்து பெயர்த்து வைத்தால் படிப்பவர் பெட்டியின்மேல் ஏதோ ஒரு புள்ளியைத் தேடுவார். இரண்டாவது, ‘அணுகல்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம். கோப்பைத் திறக்கும் உரிமையும் அணுகல், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத் தக்கவாறு தளத்தை அமைப்பதும் அணுகல்தன்மை. அவற்றோடு இதையும் சேர்த்தால் ஒரே பக்கத்தில் மூன்று அணுகல்கள் வந்துவிடும்.

நான் முதலில் எண்ணியது ‘அலைத்துறை’. படகுத்துறை, நீராடுதுறை என்பவற்றில் உள்ள துறை, நிலத்திலிருந்து நீருக்கு இறங்கும் இடம். கம்பியிலிருந்து அலைக்கு இறங்கும் இடத்துக்கு அது அழகாகவே பொருந்துகிறது. ஆனால் மின்துறை, வனத்துறை என்பவற்றுக்குப் பழகிய காதில் ‘அலைத்துறை’ அரசு அலுவலகம் போல ஒலிக்கிறது. கம்பியைச் செருகும் துளையையும் சிலர் துறை என்றே எழுதுகிறார்கள். ‘அலைமுகம்’ என்றும் எழுதிப் பார்த்தேன். ‘இடைமுகம்’ (இன்டர்ஃபேஸ்) வேறொரு பொருளில் வழங்குவதால் அடித்துவிட்டேன்.

எனவே என் முன்மொழிவு ‘அலைவாய்’. வாய் என்பதற்கு இடம், வழி, திறப்பு என்ற பொருள்கள் தமிழில் தொன்மையானவை. ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருளிலும் அது வந்திருக்கிறது. கால்வாய், கணவாய், மடைவாய் ஆகிய எல்லாவற்றிலும் ஒன்று மற்றொன்றுக்குள் புகுந்து செல்லும் இடமே வாய். கடலையும் கடலோரத்தையும் சுட்டுவதாக ‘அலைவாய்’ என்ற சொல்லே பழைய வழக்கில் இருக்கிறது. ‘அலைவாய்க்கரை’ என்றும் சொல்வார்கள். அலை முடிந்து நிலம் தொடங்கும் எல்லையைக் குறித்த சொல், அலை முடிந்து கம்பி தொடங்கும் எல்லைக்குப் பெயராவதில் பொருத்தம் இருக்கிறது. அத்துடன் வானலை, அலைவரிசை, அலைபேசி, அருகலை (வைஃபை) என்ற குடும்பத்தில் அது இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது.

மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். அலைவாய் என்பது திருச்செந்தூரின் பழம்பெயர்; இடப்பெயரைப் பொதுப்பெயராக்கலாமா என்று கேட்கலாம். சூழல் வேறாக இருப்பதால் அங்கே மயக்கம் வராது என்று நினைக்கிறேன். உண்மையான இடர் வேறொன்று. இச்சொல்லோடு ‘இல்’ உருபு சேரும்போது ‘அலைவாயில்’ என்றாகி, வாயில் என்ற தனிச்சொல்லோடு மயங்குகிறது. வலையமைப்பு அமைப்புகளில் ‘நுழைவாயில்’ (கேட்வே) என்ற கலைச்சொல் வேறு இருக்கிறது. இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. கையேட்டில் ‘அலைவாயுடன்’, ‘அலைவாயின் அமைப்புகள்’ என்று எழுதி ‘இல்’ உருபைத் தவிர்க்கலாம் என்பது மட்டுமே என் யோசனை.

சொல்லின் நீளத்தையும் கருதவேண்டும் என்று நம்முள் ஒருவர் சொல்லியிருந்தார்; அவரோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். அதற்கு வேடிக்கையான ஒரு சான்றும் கிடைத்தது. வலையமைப்புக்கு நாம் சூட்டும் பெயர், அதாவது கைப்பேசித் திரையில் பட்டியலாகத் தெரியும் ‘வலைப்பெயர்’, கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 தரத்தின்படி 32 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும். உயிர்மெய்யில் மெய்யுருவும் உயிர்க்குறியும் தனித்தனியே கணக்கிடப்படும். ‘கம்பியில்லா’ என்ற ஒற்றைச் சொல் 11 குறிகள், 33 பைட்டுகள்; ஒரே ஒரு பைட்டு கூடிப்போனதால் அது வலைப்பெயராக இருக்கவே முடியாது! ‘அலைவாய்’ 21 பைட்டுகளில் அடங்கிவிடுகிறது. ‘நம் வீடு’ 22. வலைப்பெயரைத் தமிழில் வைக்க விரும்புபவர்களுக்கு இந்தக் கணக்கைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதவேண்டும். டபிள்யூபிஏ-2 என்ற பாதுகாப்பு முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 வரையிலான ஆஸ்கி எழுத்துகளாக (ஆங்கில எழுத்துகள், எண்கள், குறியீடுகள்) இருக்கவேண்டும் என்பதால், அதைத் தமிழில் வைக்க முடியாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

‘வைஃபை’க்கு ‘அருகலை’ பரவலாகிவிட்டது; அதில் கைவைக்க வேண்டாம். ‘வைஃபை’ ஏதோ ஓர் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்று எண்ணிக்கொண்டு விரித்துப் பெயர்க்க முயன்றவர்களுக்கு ஒரு செய்தி: 1999இல் வணிகப் பெயர் சூட்டும் ஒரு நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த பெயர் அது, சுருக்கம் அல்ல. நம் இலக்கணத்தில் இடுகுறிப்பெயர் என்போம்.

ஒரு கலைச்சொல்லை அகராதியில் வைத்துப் பார்ப்பதைவிட வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. கையேட்டின் மூன்று வாக்கியங்களை ‘அலைவாய்’ இட்டு எழுதியிருக்கிறேன்:

‘அலைவாயை வீட்டின் நடுப்பகுதியில், தரையைவிட்டு உயரமான இடத்தில், உலோக அலமாரிக்கு வெளியே வையுங்கள்.’

‘உங்கள் அலைவாய் 2.4 கிகாஹெர்ட்சு, 5 கிகாஹெர்ட்சு ஆகிய இரண்டு பட்டைகளிலும் இயங்கினால், சுவர்களைத் தாண்டித் தொலைவில் இருக்கும் கருவிகளை முதல் பட்டையிலும், அருகில் இருந்து விரைவை வேண்டும் கருவிகளை இரண்டாம் பட்டையிலும் இணையுங்கள்.’

‘மாடியில் இரண்டாவது பெட்டியை வைப்பதாக இருந்தால், அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, திசைவிப் பயன்முறையிலிருந்து அலைவாய்ப் பயன்முறைக்கு மாற்றுங்கள்.’

மூன்றாவது வாக்கியம்தான் அன்று சித்தப்பாவிடம் என்னால் சொல்ல முடியாமல் போனது. இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால், இதே மூன்று வாக்கியங்களில் அதை இட்டு எழுதி அனுப்புங்கள்; ‘அணுகல் புள்ளி’யை ஆதரிப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள். ‘இல்’ உருபு மயக்கத்துக்கு இலக்கணம் அறிந்தவர்கள் வழி சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

அன்புடன்.