திட்டவட்டமாகச் சொன்னார், ஆனால் தெளிவாக இல்லை

மழுப்பாமல் சொல்வதைக் குறிக்கும் சொற்களை எங்கே, எப்படிப் போடுகிறோம் என்பதுதான் பேச்சு. நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் நானே தொடங்குகிறேன். செய்தியில் "திட்டவட்டமாக" வந்தால் பின்னாலேயே "மறுத்தார்" வந்துவிடும். கட்சியில் பிளவா? திட்டவட்டமாக மறுத்தார். பதவி விலகலா? அதுவும் அப்படியே. ஒரு நாள் இரவுப் பதிப்புக்கு இப்படி ஒரு வரி வந்தது: "கூட்டணி குறித்து உரிய நேரத்தில் அறிவிப்போம் என்று திட்டவட்டமாகத் தெரிவித்தார்." உரிய நேரம் என்பதில் எங்கே இருக்கிறது திட்டவட்டம்? அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். நிருபருக்குக் கோபம். "மேஜையைத் தட்டிச் சொன்னார் சார்!" தட்டினால் "ஆவேசமாக" என்று போடுங்கள் என்றேன்.

கேட்பவருக்குப் புரிந்தால் தெளிவாக. சொன்னவர் பின்வாங்க வழி வைக்காவிட்டால் திட்டவட்டமாக. ஒளிக்காமல் சொன்னால் வெளிப்படையாக. மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம். "விலாவாரியாக" வேறு கதை, அது நீளத்தைச் சொல்வது. விலாவாரியாகக் குழப்பவும் முடியும்.

மதுரையிலிருந்து ஒருவர்:
எங்கள் தெருவில் திட்டவட்டம் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. கறார்தான். உருது வழியாக வந்த சொல், அங்கே உடன்பாடு, உறுதி என்று பொருள். அதனால்தானோ என்னவோ, காசு புழங்கும் இடத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டது: கறார் விலை, கறாரான வசூல். குடிபோன அன்று வீட்டுக்கார அம்மா, "அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துரணும் தம்பி, கறாராச் சொல்லிட்டேன்" என்றார். சரி என்றேன். அப்புறம், காலி செய்தால் அட்வான்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துச் செய்யலாம்ப்பா." வாங்குவதில் இருந்த கறார் கொடுப்பதில் காணோம்.

தமிழாசிரியர் ஒருவர்:
"பச்சையாக" பற்றியும் சொல்ல வேண்டும். "பச்சையாகச் சொன்னால்" என்றால் மழுப்பாமல் என்று பொருள். அதையே இரட்டித்து "பச்சை பச்சையாக" என்றால் காது கூசும் பேச்சு. எட்டாம் வகுப்புப் பையன் கட்டுரையில் எழுதியிருந்தான்: "என் தாத்தா நேர்மையானவர். யாராக இருந்தாலும் பச்சை பச்சையாகப் பேசுவார்." கூப்பிட்டு, "வெளிப்படையாகப் பேசுவார் என்று எழுது தம்பி" என்றேன்.

"இல்லைங்கய்யா, அவர் பச்சை பச்சையாத்தான் பேசுவாரு" என்றான்.