புதுப்பிப்பு: பதிலுக்கு வரும் டொக்டர்மார் விஷயம்

எங்கள் பிரதேச வைத்தியசாலை டொக்டர் லீவில் போனால் பதிலுக்கு வருபவர்கள் ஏன் வந்த வேகத்திலேயே திரும்பப் பார்க்கிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். குவார்ட்டர்ஸைத் திருத்துங்கள் என்றீர்கள். சரி, ஒழுகிய தகரத்தை மாற்றி, சுடுதண்ணிக்கு ஹீட்டரும் பூட்டியாயிற்று.

ஆனால் உண்மையில் கைகொடுத்தது நர்ஸ் அக்கா எழுதிவைத்த சீ.ஆர். கொப்பிதான் (தடித்த அட்டை போட்ட கொப்பி). சீனி, பிரஷர் கிளினிக் எந்தக் கிழமை, எந்த மருந்து முடியப்போகிறது, மழைக்கு எந்தத் தோட்டப் பாதையில் வாகனம் ஏறாது, 1990 அம்புலன்ஸுக்கு அடித்தால் எந்தச் சந்தியில் நிற்கச் சொல்ல வேண்டும், மேற்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) போன் எங்கே எடுக்கும், எல்லாம் அதில் இருக்கிறது. இப்போது பதிலுக்கு வந்திருக்கும் டொக்டர் தங்கச்சி (சின்ன வயது, காலிப் பக்கம், குளிரில் ரெண்டு ஸ்வெட்டர்) முதல் ராத்திரியே அதை உட்கார்ந்து வாசித்தாராம்.

தீராதது ராத்திரி வேலைதான், ஒரே ஆள் எத்தனை நாள் முழிப்பது? காய்ச்சலுக்கெல்லாம் நடுச்சாமத்தில் போகாதீர்கள் என்று கோயில் ஸ்பீக்கரில் சொல்லலாம் என்கிறார் தலைவர். எனக்குச் சம்மதமில்லை, பிள்ளைக்கு வந்தது சாதாரணக் காய்ச்சலா டெங்குவா என்று லயத்து வீட்டில் இருந்துகொண்டு யார் பார்த்துச் சொல்வது? உங்கள் பக்கம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?